இரண்டாவது கேள்வி

நம் ஊரில் ஒரு பெண் கர்ப்பமானால் அரசாங்கத்துக்கே தெரிந்துவிடும். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருவார், கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கித் தருவார். சத்து மாத்திரை, தடுப்பூசி, ஸ்கேன் தேதி, முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகை என்று அவளைச் சுற்றி ஒரு பெரிய ஏற்பாடே இயங்கும். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிந்துவிட்டால், அவளைத் தேடி வர யாருக்கும் அவசரம் இருக்காது. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் 49 வயதுவரை பெயர் கிடக்கும். அப்புறம் அதுவும் போய்விடும். மறுபடி அவள் ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் சுகர் அட்டையோடுதான். நடுவில் கிடக்கிற பத்துப் பன்னிரண்டு வருஷத்தில்தான் தூக்கம் போகிறது, எலும்பு தேய்கிறது, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது. அந்த வருஷங்களுக்கென்று ஒரு பதிவேடு இல்லை.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. மேற்கு நாடுகளில் 51. நம்மவர்களுக்கு நாலைந்து வருஷம் முந்திக்கொள்கிறது. மகளுக்கு வரன் பார்க்கிற வயது அது. மகனின் காலேஜ் ஃபீஸுக்கு நகை அடகுக்குப் போகிற வயது. மாமியார் படுக்கையில் கிடக்கிற வயதும் அதுதான். ‘எனக்கு உடம்பு என்னமோ பண்ணுது’ என்று சொல்வதற்கு வீட்டில் ஒரு முறை வர வேண்டுமே, அது அவளுக்கு வருவதில்லை.

நான் வார்டில் வேலை பார்த்து, பிறகு நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போதும் யாராவது கூப்பிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸுகளுக்கு வகுப்பெடுக்கப் போவேன். ‘மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்களைக் கவனிப்பது’ என்று தலைப்புச் சொன்னால் ஏற்பாடு செய்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும். ‘மேடம், அதோட கொஞ்சம் ரத்தசோகையும் சேர்த்துக்கலாமா?’ என்பார். தாராளமாகச் சேர்த்துக்கொள்வேன். அது இதற்குள்ளேயே இருக்கிறது. நிற்பதற்கு முந்தைய சில வருஷங்களில் தாறுமாறாகப் படும் ரத்தத்தால் ஹீமோகுளோபின் எட்டுக்கும் ஏழுக்கும் இறங்கிய பெண்கள் எந்த ஓ.பி. வரிசையிலும் நிற்பார்கள்.

வகுப்பில் முதல் வேலை நடிப்பு. ஒரு மூத்த சிஸ்டரைக் கூப்பிட்டு நோயாளி ஆக்குவேன். ஒரு சின்னப் பெண்ணை எதிரே உட்கார வைப்பேன். நோயாளியின் பெயர் பாண்டியம்மா, வயது 48, காட்டு வேலை. பேச்சு எப்போதும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

‘என்னம்மா செய்யுது?’

‘முட்டி வலிக்குது தாயி.’

‘வேற?’

‘வேற ஒண்ணுமில்ல.’

சின்னப் பெண் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், முடிந்துவிட்டது என்பது போல. உண்மையான ஓ.பி.யிலும் இங்கேதான் முடிகிறது. பி-காம்ப்ளெக்ஸ், கால்சியம், ஒரு வலி மாத்திரை. அடுத்த மாதம் பாண்டியம்மா திரும்ப வருவாள்; இல்லாவிட்டால் டவுனில் எலும்பு டாக்டரிடம் போவாள்; படபடப்பு வந்தால் இ.சி.ஜி. எடுப்பாள். ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிய தாள்கள் ஒரு மஞ்சப் பை நிறையச் சேரும்.

‘வேற?’ என்பதைக் கேள்வியாகவே நான் ஒப்புக்கொள்வதில்லை. அதற்கு ‘ஒண்ணுமில்ல’ என்பதுதான் பதில். ‘சாப்பிட்டாச்சா’ என்றால் ‘ஆச்சு’ என்று வருகிற மாதிரி. இரண்டாவது கேள்விக்கு ஒரு பிடி வேண்டும். ‘ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?’ என்று கேட்கச் சொல்வேன். இதற்கு ஒண்ணுமில்லை என்று பதில் சொல்ல முடியாது. ‘மூணு நாலு தடவை எந்திரிப்பேன்.’ ‘எதுக்கு?’ இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம்; மௌனம் வந்தால் அதை எதையாவது போட்டு நிரப்பப் பார்ப்பார்கள்.

நடிக்க வந்த மூத்த சிஸ்டர், பெரும்பாலும் தன் சொந்தக் கதையையே, பாண்டியம்மாவின் பேச்சில் சொல்லத் தொடங்குவார். ‘கழுத்துலேருந்து மூஞ்சி வரைக்கும் குப்புனு ஏறும் தாயி. வேர்த்து ஊத்தும். மார்கழியிலயும் அப்படித்தான். ஜாக்கெட்ட மாத்துவேன். அது காயுறதுக்குள்ள குளிரும். அவுக ஃபேன நிறுத்துங்கிறாக, நான் போடுங்கிறேன். சண்டை எதுக்குன்னு திண்ணையில வந்து படுத்துக்குவேன்.’ வகுப்பே அமைதியாகிவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் பதற்றத்தில் உடனே சொல்வாள்: ‘அது ஒண்ணுமில்லம்மா, வயசானா அப்படித்தான்.’

இந்த வாக்கியத்துக்கு என் வகுப்பில் தடை. அது பொய் என்பதால் இல்லை. கதவைச் சாத்துகிற வாக்கியம் என்பதால்.

சரி, அதற்குப் பதில் என்ன சொல்வது? ‘எல்லாருக்கும் வரும்’ என்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். முட்டைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது ஏறி இறங்கிக் குறைகிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் என்ற இடத்தில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற நரம்பணுக்கள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அவை தடுமாறுகின்றன. இஸ்திரிப் பெட்டியில் திருகு கெட்டுப்போனால் லேசான சூட்டுக்கே கட் ஆகுமே, அது மாதிரி. உடம்பு உண்மையில் கொதிக்கவில்லை; கொதிக்கிறது என்று மூளை நினைத்துக்கொண்டு, தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டு வேர்க்க வைக்கிறது. சில நிமிஷத்தில் அடங்கிவிடும், பிறகு நடுங்கும். இதைப் பாண்டியம்மாவிடம் அவள் பேச்சில் சொல்ல முடிந்தால் பாதிப் பயம் போய்விடும். பல பெண்கள் இதை ஹார்ட் அட்டாக் என்றோ, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எத்தனை நாள் இருக்கும் என்று அடுத்துக் கேட்பாள். ‘கொஞ்ச நாள்ல சரியாயிரும்’ என்று சொல்லிவிடக் கூடாது. அமெரிக்காவில் பல இனப் பெண்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வில், அடிக்கடி இந்தத் தொல்லை வந்தவர்களுக்கு அது நீடித்த காலத்தின் நடுமதிப்பு 7.4 ஆண்டு. பாதிப் பேருக்கு அதற்கும் மேல். ஏழு வருஷம் திண்ணையில் படுக்கிறவளிடம் கொஞ்ச நாள் என்று சொன்னால், அடுத்த முறை அவள் நம்மிடம் எதையும் சொல்ல மாட்டாள்.

வகுப்பில் எனக்குப் பிடித்த பகுதி ஒரு பழைய சண்டை. மார்ஷா ஃப்ளின்ட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ராஜஸ்தானிலும் இமாசலப் பிரதேசத்திலும் 483 ராஜபுத்திரப் பெண்களிடம் பேசி 1975-ல் ஒரு கட்டுரை எழுதினார். மாதவிடாய் நின்றதில் தங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை என்று அநேகமாக எல்லாப் பெண்களுமே சொன்னார்களாம். பர்தாவுக்குள் கிடந்தவர்கள் அதன்பின் வெளியே வரலாம், ஆண்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து பேசலாம். மரியாதை கூடுவதால் உடம்பு முறையிடவில்லை என்பது அவர் விளக்கம். மார்கரெட் லாக் என்ற இன்னொருவர் ஜப்பானில் விசாரித்தபோது, அங்குள்ள பெண்கள் சூடு பரவுவதைவிடத் தோள் இறுக்கத்தைத்தான் அதிகம் சொன்னார்கள். இதைச் சொல்லிவிட்டு, ‘அப்ப ராஜபுத்திரப் பெண்களுக்கு உண்மையிலேயே ஒண்ணும் இல்லையா, கேட்ட விதத்தில் சொல்லவில்லையா?’ என்று கிளப்பிவிடுவேன். வகுப்பு இரண்டாகப் பிரியும்.

ஒரு தடவை பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ் எழுந்து, ‘மேடம், எங்க அம்மா சந்தோஷமாத்தான் இருந்தாங்க, 50 தாண்டினதும் சபரிமலைக்கு மாலை போட்டாங்க’ என்றார். இன்னொருத்தி, ‘எங்க ஊர்ல முளைப்பாரி எடுக்கிறதுக்கு நாள் எண்ண வேண்டியதில்லைன்னு பொம்பளைங்க நிம்மதியா சொல்லுவாங்க’ என்றாள். இரண்டுமே உண்மை. துணி அலசும் வேலை விட்டது, கோயிலுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம், இனிக் கர்ப்பப் பயம் இல்லை. இந்த விடுதலையைக் கொண்டாடுகிற பெண்ணிடம் போய், ‘உங்களுக்கு ஒரு குறைபாடு வந்திருக்கிறது’ என்று முகத்தைத் தொங்கப்போட்டுப் பேசுகிற நர்ஸும் எனக்கு வேண்டாம். ஆனால் சபரிமலைக்குப் போன அதே அம்மாவுக்கு ராத்திரித் தூக்கம் இருந்ததா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, ‘தெரியல மேடம், கேட்டதில்ல’ என்றாள்.

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளில் நம் பெண்கள் முதலில் சொல்வது மூட்டு வலியும் அசதியும் தூக்கமின்மையும்தான்; சூடு பரவுவது அதற்குப் பிறகுதான் வரும். இந்தத் தொல்லைகளை அளக்க, கிரீன் அளவுகோலில் 21 கேள்வி, ஜெர்மனியில் உருவான எம்.ஆர்.எஸ். அளவுகோலில் 11 கேள்வி என்று தாள்கள் இருக்கின்றன. வைத்துக்கொள்ளலாம், மதிப்பெண் போடலாம், மூன்று மாதம் கழித்து ஒப்பிடலாம். ஆனால் தாளைப் பார்த்து வாசிக்கிற நர்ஸுக்குத் தாளுக்கு ஏற்ற பதில்தான் கிடைக்கும். ‘உள்ளங்கால் எரியுது’ என்று ஒருத்தி சொன்னால் அதற்குத் தாளில் இடம் இல்லை. அது சூடு பரவுவதாகவும் இருக்கலாம், பார்க்காமல் விட்ட சுகராகவும் இருக்கலாம்.

இங்கேதான் எதிர்ப்பக்கத்துப் பள்ளம். பாடம் கற்ற உற்சாகத்தில் சில நர்ஸுகள் 45 தாண்டிய எல்லாருடைய எல்லாத் தொல்லையையும் மாதவிடாய் நிற்பதன் தலையில் கட்டிவிடுவார்கள். படபடப்பா, அதுதான். இளைப்பா, அதுதான். தைராய்டு குறைந்தாலும் அசதியும் எடைகூடலும் மறதியும் வரும். கூடினால் வேர்வையும் படபடப்பும் வரும். ரத்தசோகையிலும் மூச்சு வாங்கும். நெஞ்சை அடைக்கிற வலி மூச்சுத்திணறலோடு வந்தால் அது இதயத்துக்கான அவசரம். அந்த நேரத்தில் மாதவிடாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரு விஷயத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பேன். மாதவிடாய் நின்றது என்று சொல்ல, தொடர்ந்து 12 மாதம் படாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும், துணியில் ஒரு கறை தெரிந்தாலும், அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நம் பெண்கள் அதை ‘நின்னது திரும்ப வந்துருச்சு’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், இளமை திரும்பிய மாதிரி. அப்படி வருபவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகக் கர்ப்பப்பை உள்வரிப் புற்றுநோய் இருக்கிறது. அந்தப் புற்றுநோய் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு முதல் அறிகுறியே இந்தப் படுதல்தான். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். இதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிற நர்ஸ், வேறு எதையும் கற்காவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

மருந்துக்கு வருவோம். நர்ஸ் மருந்து எழுதப்போவதில்லை. ஆனால் மருத்துவர் அறையை விட்டு வந்ததும் பாண்டியம்மா கேட்பது நர்ஸிடம்தான்: ‘இத சாப்பிட்டா கேன்சர் வருமாமே?’

அந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த தேதி இருக்கிறது. 2002 ஜூலையில் அமெரிக்காவில் ‘விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியை நடுவில் நிறுத்தினார்கள். 16,608 பெண்கள், பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுதல் என்று உலகமெல்லாம் செய்தி. அதே கணக்கை இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: வருஷத்துக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வந்தது 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் கூடுதல். எட்டு சின்ன எண் என்று நான் சொல்லவில்லை. அந்த எட்டில் ஒருத்தியாக இருப்பவளுக்கு அது முழு எண். ஆனால் 26 என்று கேட்கிறபோது மனசில் எழும் படம் வேறு. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும் செய்திகளில் பெரிதாக வரவில்லை. பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60-க்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் இருக்கிற, வேறு தடையில்லாத பெண்களுக்கு நன்மை தீமையைவிட அதிகம் என்ற முடிவுக்கு வந்தார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர், ரத்தக்கட்டி அடைத்தவர், கல்லீரல் கெட்டவர், காரணம் தெரியாமல் ரத்தம் படுகிறவர், இவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை ஆகாது. கர்ப்பப்பை இருக்கிறவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது, கூடவே புரொஜெஸ்டிரோன் வேண்டும்.

ஹார்மோன் வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் குறைந்த அளவில் சூடு பரவுவதைக் குறைக்கும். மனப் பயிற்சி சிகிச்சையும் உதவுகிறது. மூளையின் அந்த நரம்பணுக்களையே குறிவைக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற புது மருந்துக்கு அமெரிக்கா 2023 மே மாதம் அனுமதி கொடுத்தது. இத்தனையும் நர்ஸுக்குத் தெரிந்திருந்தால் ‘டாக்டர் சொன்னா சாப்பிடுங்க’ என்று நழுவ வேண்டியதில்லை.

கர்ப்பப்பையை எடுத்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் முப்பதுகளிலேயே எடுத்துக்கொண்ட பெண்கள் ஏராளம். வெள்ளைப்படுகிறது என்று எடுத்தவர்கள், வயிற்றுவலி என்று எடுத்தவர்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள், வேலை நாள் போகக் கூடாது என்பதற்காகவே எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் வெளிவந்தது. தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023-ல் உத்தரவு போட வேண்டியிருந்தது. கர்ப்பப்பையோடு முட்டைப்பைகளையும் எடுத்திருந்தால், மற்றவர்களுக்குச் சில வருஷங்களில் படிப்படியாக வருவது இவளுக்கு ஒரே வாரத்தில் வந்து இறங்கும். முட்டைப்பையை விட்டுவைத்திருந்தாலும் அது சீக்கிரமே ஓய்ந்துவிடக்கூடும். மாதவிடாய் ஏற்கெனவே இல்லாததால் எப்போது ஓய்ந்தது என்று அவளுக்கே தெரியாது. 36 வயதுக்காரி வேர்த்து நிற்கிறாள் என்றால் நர்ஸ் வயதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ‘கர்ப்பப்பை இருக்கா? எந்த வருஷம் எடுத்தீங்க? முட்டைப்பையும் எடுத்தாங்களா?’ மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

இடுப்புக்குக் கீழே உள்ள விஷயங்களைப் பேசத்தான் வகுப்பில் குரல் இறங்கும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை நர்ஸுகளே செய்கிறார்கள். மாதவிடாய் நின்றவளுக்கு உள்தோல் மெலிந்து வறண்டிருக்கும். குழந்தை பெற்றவள்தானே என்று வழக்கமான அளவு ஸ்பெகுலத்தை அப்படியே நுழைத்தால் உயிர் போகும் வலி. அவள் அடுத்த முறை வர மாட்டாள். அக்கம்பக்கத்தில் நாலு பேரையும் வரவிட மாட்டாள். சின்ன அளவை எடு, வெதுவெதுப்பான நீரில் நனை, ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய், ‘நிறுத்து’ என்றால் நிறுத்து. இதைப் பொம்மையின் மேல் கற்றுக்கொடுக்கலாம், கை பழகும். மேசையில் படுத்திருக்கும் அந்த நேரத்தில்தான் ‘இங்க எரிச்சல் உண்டா?’ என்ற கேள்வியும் இயல்பாக வரும். அதற்கடுத்து, ‘வீட்டுக்காரரோட இருக்கும்போது வலிக்குதா?’

‘எப்படி மேடம் அதெல்லாம் கேக்குறது? எங்க அம்மா வயசு’ என்று 22 வயதுப் பெண் கேட்பாள். அவள் சங்கடம் எனக்குப் புரிகிறது. கல்யாணமே ஆகாத பிள்ளை. அதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறேன். ‘இந்த வயசுல நிறையப் பேருக்கு அப்போ வலி இருக்கும்மா, அதுக்கு மருந்து இருக்கு’ என்று தகவலாகச் சொல்லிவிட்டுச் சீட்டை எழுதிக்கொண்டிரு. கேள்வியே வேண்டாம். வேண்டியவள் வாய் திறப்பாள். திறக்காதவளும் வீட்டுக்குப் போய் யோசிப்பாள், தனக்கு மட்டும் இல்லை, மருந்தும் இருக்கிறது என்று. குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம், மருத்துவர் எழுதித் தருவது, வறட்சிக்கும் திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்புக்கும் நன்றாகக் கேட்கும்.

சிறுநீர்க் கசிவை இன்னும் ஆழமாக மறைப்பார்கள். பழனிக்குப் பஸ்ஸில் போவதென்றால் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத பெண்களை எனக்குத் தெரியும். தும்மினால் கசியும், சிரித்தால் கசியும், அதனால் கல்யாண வீட்டில் ஓரமாகவே நிற்பார்கள். மருந்தே இல்லாமல் நர்ஸ் ஒருத்தியே கொடுக்கக்கூடிய சிகிச்சை இதற்கு இருக்கிறது. ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-ல் எழுதிய இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. வாயு பிரிவதை அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்துப் பிடித்து விடுவது. ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். சிறுநீர் போகிறபோது நிறுத்தி நிறுத்திப் பழகுவது தவறு, அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கோலம் போடுவதற்கு முன், சீரியல் விளம்பரத்தில், படுக்கும்போது என்று அவளுடைய நாளில் மூன்று இடம் பிடித்துக் கொடுத்தால் செய்வாள். ‘தினமும் பண்ணுங்க’ என்றால் மாட்டாள்.

எலும்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. களியோ கூழோ அவள் பிறந்த வீட்டுச் சாப்பாடுதான். சுகர் இருந்தால் அளவைக் கவனிக்க வேண்டும். வெயில் வேண்டும், நடை வேண்டும், கொஞ்சம் எடை தூக்க வேண்டும். பாத்ரூமில் வழுக்காத தரை வேண்டும்.

மனசைப் பற்றிச் சுருக்க முடியாது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது, முன்பே வந்தவர்களுக்கு இன்னும் அதிகம். ‘சாகணும் போல தோணுதா?’ என்று நேராகக் கேட்க வேண்டும் என்பேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். ஊட்டாது. கேட்கப்பட்டவள் பெரும்பாலும் அழுவாள், அழுதுவிட்டுப் பேசுவாள். ஆம் என்றால் தனியே அனுப்பக் கூடாது. மனநல மருத்துவரிடம் அன்றே சேர்க்க வேண்டும்.

இனி, வகுப்புக்கு வந்திருக்கும் நர்ஸுகளைப் பற்றி. பயிற்சி என்றால் நோயாளியை மட்டுமே நினைக்கிறோம். வந்து உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு வயது 45-க்கு மேல். டெரிகாட்டன் யூனிஃபார்ம், மேலே கோட், மின்விசிறி எட்டாத மூலையில் மேசை, மாதம் ஒரு சுற்று நைட் ட்யூட்டி. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டு நடுவில் நின்று வேர்த்துக்கொண்டே குளுக்கோஸ் சொட்டு எண்ணுகிறவள் அவள். தடுப்பூசி வைக்கிற ஐ.எல்.ஆர். பெட்டியை, வெப்பநிலை குறிக்கிற சாக்கில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் திறந்து வைத்துக் குனிந்து நின்றதாக ஒரு சிஸ்டர் என்னிடம் சொன்னார். தடுப்பூசிக்கு அது கூடாது என்று நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு இருவரும் சிரித்தோம். இவர்களுக்குப் பருத்தி யூனிஃபார்மும், ட்யூட்டி அறையில் ஒரு ஃபேனும், முடியாத மாதத்தில் நைட்டை மாற்றிக்கொள்ள ஒரு வழியும் கொடுக்காத நிர்வாகம், பாண்டியம்மாவைப் பரிவோடு பாருங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினால் அது எப்படிப் படிக்கப்படும் என்று எனக்குத் தெரியும். அதனால் வகுப்பின் முதல் பயிற்சித் தாளை நர்ஸுகள் தங்களுக்குத் தாங்களே நிரப்பிக்கொள்ள வைக்கிறேன். வாங்கிப் பார்க்க மாட்டேன். மடித்து வைத்துக்கொள்ளலாம்.

‘எல்லாம் சரி மேடம், ஓ.பி.யில நேரம் எங்க இருக்கு?’ வகுப்பு முடியும் தறுவாயில் இது கட்டாயம் வரும். நியாயமான கேள்வி. வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது திண்ணைக் கதை கேட்க முடியாது. நான் கேட்பது சீட்டில் ஒரே ஓர் இடம். எல்.எம்.பி. என்று கடைசி மாதவிடாய்த் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. கர்ப்பிணி என்றால் கவனமாக நிரப்புகிறோம். 48 வயது என்றால் ஒரு கோடு இழுத்துவிடுகிறோம். அந்தக் கோட்டுக்குப் பதில், நின்ற வயது, தானாக நின்றதா ஆபரேஷனாலா, அதன்பின் எப்போதாவது பட்டதா என்று எழுதுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே பி.பி. மிஷினோடு போகிறார்கள், அவர்கள் நோட்டிலும் இதற்கு ஒரு வரி ஒதுக்கலாம். அதை எழுத வேண்டுமானால் அவளிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எப்போது கேட்பது என்றும் சொல்லிவிடுகிறேன். பி.பி. பார்க்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், அளவு கூட்டிக் காட்டும். கையிலிருந்து பட்டையைக் கழற்றும்போது கேளுங்கள். கூட வந்த மருமகளையும் மகனையும் மாத்திரை வாங்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.